சினம் செல்லும் வழி

மனிதன் ஏன் மனிதனைத் தாக்குகிறான்? இவ்வினாவிற்கு அறிஞர் ஒருமித்த விடை கூறினாரல்லர். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ், 1963இல் வெளியிட்ட தம் நூலில், தாக்கும் உந்துதல் பிறவியிலேயே அமைந்தது என்றார். ஆல்பர்ட் பண்டுராவோ, 1961இல் அமெரிக்காவில் நடத்திய சோதனையில், பெரியவர் பொம்மையை அடிப்பதைக் கண்ட குழந்தைகள் தாமும் அவ்வாறே அடித்ததைக் காட்டி, வன்முறை பார்த்துக் கற்கப்படுவது என்றார்.

இவ்விரு விடைகளையும் நம் தோட்டப்புற வாழ்வோடு பொருத்திப் பார்ப்போம். கோல சிலாங்கூர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் வளர்ந்தவன் நான். அங்கே சினத்திற்கு ஒரு படிக்கட்டு இருந்தது. துரை கிராணியை ஏசுவார்; கிராணி தண்டலை ஏசுவார்; தண்டல் பால்மரம் வெட்டுவோரை ஏசுவார். ஏச்சுக் கேட்டவருள் சிலர் மாலையில் கள்ளுக்கடைக்குச் சென்று, இரவில் லயத்து வீட்டில் மனைவியை அடிப்பர். தாய் பிள்ளையை அடிப்பாள். பிள்ளை தெருநாயின்மீது கல்லெறிவான்.

சினம் பிறவிக் குணமே எனக் கொள்வோம். அங்ஙனமாயின், துரையின்முன் கைகட்டி நின்றவரே வீட்டில் கை ஓங்கியது எவ்வாறு? நெருப்பு இயற்கை தந்ததாகலாம். அதனை எவர்மீது வீசுவது என்பதை மனிதனே தெரிந்தெடுக்கிறான். வெகுளாமை அதிகாரத்தின் முதற்குறளிலேயே வள்ளுவர் இதனைச் சுட்டினார். நம் சினம் பலிக்கும் இடத்தில் அதனைக் காப்பதே காவல் என்பது அவர் கருத்து. வலியார்முன் அடங்குவது அச்சம்; எளியார்முன் அடங்குவதே அறம்.

அவ்வாறாயின், இழிவுற்றோர் வாய்மூடிக் கிடத்தல் வேண்டுமோ? வேண்டா. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்து சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தை நினைவுகூர்க. ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின்வழி தொழிலாளர் கேட்டவை கூலி உயர்வு மட்டுமல்ல. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பெண்களுக்கு இழைக்கும் கொடுமை நிற்க வேண்டும். கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும் என்றும் கேட்டனர். கீழ்நோக்கி இறங்கிய சினம் அன்று மேல்நோக்கிக் கோரிக்கையாக எழுந்தது. ஆட்சியினரோ நாதனைச் சிறைப்பிடித்தனர். மே 16ஆம் நாள் சிலாங்கூரில் நெருக்கடி நிலையை அறிவித்தனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். சினத்தை அவர்கள் வெல்லவில்லை. அதற்குரிய முகவரியைக் கண்டனர்.

இனி என் குறையையும் கூறுதல் முறை. சில ஆண்டுகளுக்குமுன், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் தன்னினும் சிறியவனை அடித்துவிட்டான். அன்று காலைதான் நான் மேலதிகாரி ஒருவரிடம் கடுஞ்சொல் கேட்டிருந்தேன். பிரம்பை ஓங்கினேன். அவன் அழவில்லை, நன்கு பழகியவன்போல் முதுகைத் திருப்பிக் காட்டினான். என் கை நின்றது. அந்தப் பழைய படிக்கட்டில் நானும் ஒரு படியாக நிற்பதை உணர்ந்தேன். பிரம்பைக் கீழே வைத்து, “உன்னை யாரப்பா அடித்தார்?” என்று கேட்டேன். அதன் பின்னரே அவன் அழுதான்.

இன்று ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. லயங்கள் பல மறைந்தன. படிக்கட்டு மட்டும் எங்கும் கட்டப்படக் கூடியது. ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! உங்களைச் சுட்ட சொல்லை, அதனைச் சொன்னவரிடமே அஞ்சாது அறவழியில் வினவுங்கள். உங்களினும் எளியவரிடம் அதனை இறக்கி வைக்காதீர்கள். சங்கிலி அறுபட ஒரு கண்ணி போதும்.