ஏட்டில் ஏறாத புகார்

மாதம் ஒருமுறை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் தலைமையில் குற்ற ஆய்வுக் கூட்டம் நடக்கும். பதிவான வழக்கு எத்தனை, கண்டுபிடித்தது எத்தனை, மீட்ட நகை எவ்வளவு, பெட்டி கேஸ் எத்தனை என்று ஒவ்வொரு ஸ்டேஷனும் கணக்குச் சொல்ல வேண்டும். கணக்கு நன்றாக இருந்தால் பாராட்டு. இல்லையென்றால் எல்லோர் முன்னிலும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். சம்பளம் வாங்குகிறவர் வேலைக்குக் கணக்குக் கொடுப்பதில் தவறில்லை. கணக்கே கேட்காத துறையில் ஏழையின் மனுதான் முதலில் குப்பைக்குப் போகும். ஆனால் கணக்கை அழகாகக் காட்டச் சுலபமான வழி புகாரை வாங்காமல் விடுவதுதான் என்றால், அந்தப் பாவம் யாரைச் சேரும்?

திருவள்ளூர் மாவட்டத்தின் பள்ளிப்பட்டை எடுத்துக்கொள்ளலாம். 1960 ஏப்ரலில், மாநில எல்லை குறித்துப் படாஸ்கர் தந்த பரிந்துரைப்படி, திருத்தணி வட்டாரத்தோடு தமிழ்நாட்டுக்கு வந்த பகுதி. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவின் நகரி. மாநில எல்லை வரைபடத்தில் இருக்கிறது. பைக் திருடுகிறவனுக்கு இல்லை. தறி ஓட்டும் ஒருவரின் பைக் இரவோடு இரவாகக் காணாமல் போனதாக வைத்துக்கொள்வோம். விடிவதற்குள் அது எல்லை தாண்டியிருக்கும் என்பது அவருக்கும் தெரியும், ஸ்டேஷன் ரைட்டருக்கும் தெரியும். எஃப்.ஐ.ஆர். போட்டால் கண்டுபிடிக்காத வழக்குகளில் ஒன்று கூடும். ஆகவே, "நல்லாத் தேடிப் பாருங்க, தெரிஞ்சவங்க யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்று பதில் வரும். மறுநாள், "நகரி ஸ்டேஷன்ல கேட்டீங்களா?" விடாமல் நின்றால், மனு வாங்கியதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கிடைக்கும். இன்சூரன்ஸ்காரர் கேட்பதோ எஃப்.ஐ.ஆர். நகல். இரண்டு நாள் தறிக்கூலியும் போனதுதான் மிச்சம்.

சட்டத்தில் குழப்பமில்லை. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகார் காட்டினால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றம் யார் எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும் என்கிறது 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு. சட்டம் ஒரு பக்கம் இழுக்க, ஆய்வுக் கூட்டம் மறுபக்கம் இழுக்கிறது. நடுவில் நிற்கும் ரைட்டர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லத் தேவையில்லை.

குறைத்துக் காட்டுவது ஒரு பாதி. கூட்டிக் காட்டுவது மறுபாதி. கொசஸ்தலை ஆற்றில் மணல் அள்ளிய மாட்டுவண்டியைப் பிடித்தாலும் ஒரு வழக்கு, லாரியைப் பிடித்தாலும் ஒரு வழக்கு. மாட்டுவண்டிக்காரருக்காக யாரும் போன் செய்ய மாட்டார்கள். மாதக் கடைசியில் எண்ணிக்கை குறைந்தால் எந்த வண்டி மாட்டும்? பிரிட்டனிலும் இதுதான் நடந்தது. 2007-08-க்குள் ஆண்டுக்கு 12.5 லட்சம் குற்றங்களுக்குத் தீர்வு காட்ட வேண்டும் என்று அரசு இலக்கு வைத்தபோது, விளையாட்டுத்தனமாகத் தவறு செய்த சிறுவர்கள் கணக்கை நிரப்பினார்கள். அதே நாட்டில் காவல்துறையிடம் சொல்லப்பட்ட குற்றங்களில் ஐந்தில் ஒன்று, ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கும் மேல், பதிவாகவே இல்லை என்று காவல் ஆய்வாளரகம் 2014-இல் கண்டறிந்தது. பாலியல் குற்றங்களில் நான்கில் ஒன்று விடுபட்டிருந்தது. பைக் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதை எப்படி?

ரைட்டருக்குக் குற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் அவர் திருப்பி அனுப்புகிறார். ஆனால் எண்ணை மட்டும் கேட்டு, அது எப்படி வந்தது என்று கேட்காத அதிகாரியின் பங்கு பெரியது. எண்ணை அழகாக்கும் இந்த வித்தை ஸ்டேஷனுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தது என்பது அவருக்குத் தெரியாததல்ல. பத்திரிகைகளுக்கும் பங்குண்டு. டெல்லியில் 2013-இல் சுமார் 80 ஆயிரமாக இருந்த வழக்குகள் 2015-இல் 1.9 லட்சத்தைத் தொட்டன. இரண்டே ஆண்டில் நகரம் இரு மடங்கு கெட்டுப்போய்விடவில்லை. புகாரை வாங்கத் தொடங்கினார்கள், வாகனத் திருட்டுக்கு இணையத்திலேயே பதிவு வந்தது. பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் வேறு வேறு என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகமே எச்சரிக்கிறது. தலைப்புச் செய்தியோ ஒவ்வோர் ஆண்டும் "குற்றங்கள் அதிகரிப்பு" என்றே வருகிறது. நேர்மையாக வழக்குப் பதிந்த இன்ஸ்பெக்டருக்கு அன்றைக்குத் திட்டு விழும்.

பதிவு கூடியதற்காக யாரையும் கேள்வி கேட்பதில்லை என்று கண்காணிப்பாளர் முதலில் அறிவிக்கலாம். எஃப்.ஐ.ஆர். ஆகாமல் முடித்துவைக்கப்பட்ட சி.எஸ்.ஆர்.களில் பத்தை எடுத்து, மனுதாரர்களைத் தம் அலுவலகத்திலிருந்தே போனில் விசாரிக்கலாம். எண் மனுவிலேயே இருக்கும். பள்ளிப்பட்டுப் பக்கம் தெலுங்கு தெரிந்த ஒருவர் பேசினால் இன்னும் நல்லது. அப்படிச் செய்தால் சி.எஸ்.ஆரே கொடுக்காமல் அனுப்பிவிடுவார்களே என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான். எந்த இலக்கையும் ஏமாற்ற வழி உண்டு. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷன்களிலும், நுழைவாயில் உட்பட, கேமரா வைத்து 18 மாதப் பதிவைப் பாதுகாக்கச் சொன்னது. லாக்கப் சித்திரவதையைத் தடுக்க வந்த உத்தரவு அது. மனுவோடு உள்ளே போய் ரசீது இல்லாமல் திரும்பியவர்களும் அந்தப் பதிவில் இருப்பார்கள், யாராவது போட்டுப் பார்த்தால்.