இன்னொருவர் குரலுக்காக



மொன்றியலின் டோர்வல் விமான நிலையம் எங்கள் சனத்துக்கு வெறும் விமான நிலையம் அல்ல, வேலைத்தலமும் கூட. சரக்குப் பகுதி, விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிற இடம், துப்புரவு, பாதுகாப்புச் சோதனை என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு தமிழ் முகம் தெரியும். எண்பதுகளில் வந்தவர்களில் பலர் இறங்கியது, அப்போது வெளிநாட்டு விமானங்கள் வந்துபோன மிராபெல் நிலையத்தில். 1997இல் வெளிநாட்டு விமானங்கள் மறுபடி டோர்வலுக்கு வந்தன, வேலையும் கூடவே வந்தது. 2004இல் அதற்கு முன்னாள் பிரதமர் ட்ரூடோவின் பெயரை வைத்தார்கள். வைத்து என்ன, நாங்கள் இன்றைக்கும் டோர்வல் என்றுதான் சொல்கிறோம்.

அதே 2004இல் அங்கே வேலை செய்தவர்களுக்கு ஒரு பாட்டு நினைவிருக்கும். எயர் கனடா அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டுப் போனது. பதினெட்டு மாதம், வேலை நிற்குமா போகுமா என்று தெரியாத பதினெட்டு மாதம். செப்டம்பர் கடைசியில் ஒருவழியாக வெளியே வந்தது. வந்த கையோடு விமானங்களுக்கு வெளிர்நீல நிறம் பூசி, செலின் டியோனைப் பாடவைத்து, ஊரெங்கும் விளம்பரம் போட்டது. பாட்டின் பெயர் 'யூ அண்ட் ஐ'. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பாட்டு அவ்வளவு பிடித்ததில்லை. விளம்பரத்துக்கு என்றே அளந்து வெட்டியதுபோல இருக்கும். பாடியது யார் என்று கியூபெக்கில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எழுதியது யார் என்று கேட்டால்தான் யோசிப்போம்.

எழுதியவர்கள் இருவர். ஒருவர் ஜாக் டுவால். மற்றவர் அல்டோ நோவா. இன்றைக்கு அல்டோ நோவாவைப் பற்றித்தான் கதைக்கப்போகிறேன்.

சொந்தப் பெயர் அல்டோ காப்பொருஷியோ. 1956இல் மொன்றியலில் பிறந்த, இத்தாலிய வம்சாவளிப் பிள்ளை. தன் பெயரில் பாடத் தொடங்குமுன் அவர் மேடையில் நின்றது வேறொருவராக. 'பீட்டில்மேனியா' என்ற மேடை நிகழ்ச்சியில் ஜோர்ஜ் ஹரிசன் வேடம். பிறகு 1982இல் தன் பெயரிலேயே ஓர் இசைத்தட்டு வந்தது. பாட்டு அவருடையது, குரல் அவருடையது, தயாரிப்பு அவருடையது, கிற்றாரும் கீபோர்டும் அவருடையவை. அமெரிக்காவில் மட்டும் இருபது இலட்சம் என்ற விற்பனைச் சான்றிதழ் அதற்குக் கிடைத்தது. அதில் இருந்த 'ஃபான்டசி' பில்போர்ட் பட்டியலில் 23ஆம் இடம்வரை போனது.

அந்தப் பாட்டின் காணொளியை ஒருமுறை பாருங்கள். எம்.ரி.வி தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத காலம். ஹெலிகொப்டர் வந்து இறங்குகிறது. சிறுத்தைத் தோல் போட்ட உடுப்போடு எங்கள் ஆள் இறங்கி வருகிறார், பக்கத்தில் துப்பாக்கி பிடித்த காவலர்கள். ஒரு கதவு பூட்டிக் கிடக்கிறது. கிற்றாரைத் தூக்கிப் பிடிக்கிறார், அதிலிருந்து ஒளிக்கதிர் பாய்ந்து கதவு திறக்கிறது. சிரிப்பு வரும், வரத்தான் வேண்டும். ஆனால் 25 வயதில் உலகம் அப்படித்தான் திறக்கும் என்று நம்பிய ஒருவனின் முகத்தை அதில் பார்க்கலாம்.

திறந்த கதவு சீக்கிரமே சாத்திக்கொண்டது. இரண்டாவது தட்டு 1983இல், மூன்றாவது 1985இல். முதலாவதன் கிட்டவும் அவை வரவில்லை. இசைத்தட்டு நிறுவனத்தோடு உறவு கசந்தது. அதற்குப் பிறகு 1991வரை தன் பெயரில் புதுத்தட்டு ஒன்றும் இல்லை. பாடகனுக்கு ஆறு வருடம் என்பது சின்ன விஷயமல்ல. அந்த வகை றொக் இசையின் காலமே அதற்குள் முடிந்துகொண்டிருந்தது.

அந்த இடைவெளியில் மனிதர் சும்மா இருக்கவில்லை. மற்றவர்களோடு வேலை செய்யும் பழக்கம் அவருக்கு முன்பே இருந்தது. 1983இல் புளூ ஒய்ஸ்டர் கல்ட் என்ற குழுவுக்கு ஒரு பாட்டில் கை கொடுத்திருந்தார். போன் ஜோவி குழுவின் முதல் தட்டில், 1984இல், பின்னணியில் வாசித்திருந்தார். 1990இல் ஜோன் போன் ஜோவி தனியாகப் போட்ட 'பிளேஸ் ஒஃப் குளோறி'யிலும் இவரது கிற்றார் உண்டு. பிறகு, சொந்த ஊரில் பிரெஞ்சில் பெயரெடுத்து ஆங்கிலத்துக்குள் காலடி வைத்துக்கொண்டிருந்த ஒரு இளம் பாடகி, செலின் டியோன். 1996இல் வந்த அவரது 'ஃபோலிங் இன்ட்டு யூ' தட்டில் 'ஐ லவ் யூ' என்ற பாட்டு அல்டோ நோவா எழுதியது. அந்தத் தட்டுக்கு அடுத்த வருடம் ஆண்டின் சிறந்த தட்டுக்கான கிராமி கிடைத்தது. தயாரிப்பாளர்களுக்கும் அந்த விருது உரியது என்பதால் இவருக்கும் ஒன்று. சிறுத்தைத் தோலோடு ஹெலிகொப்டரில் வந்தபோது கிடைக்காத கிராமி, இன்னொருவர் படம் போட்ட அட்டைக்குப் பின்னால் நின்றபோது கிடைத்தது.

ஆனால் நான் அதிகம் யோசிப்பது 'எ நியூ டே ஹாஸ் கம்' என்ற பாட்டைப் பற்றி. செலின் இரண்டு வருடம் மேடையை விட்டு விலகியிருந்தார். 2001 ஜனவரியில் அவருக்கு மகன் பிறந்தான். நெடுநாள் காத்திருந்து, மருத்துவ உதவியோடு பெற்ற பிள்ளை. 2002இல் திரும்பி வரும்போது என்ன பாட்டோடு வருவது? அல்டோ நோவாவும் ஸ்டெஃபான் மோச்சியோவும் சேர்ந்து எழுதினார்கள். மோச்சியோ அப்போது அவ்வளவாக வெளியில் தெரியாத இளைஞர். அவரது வன்கூவர் ஒலிம்பிக் பாட்டெல்லாம் பிறகு வந்தவை.

செலினிடம் ஒரு பாட்டைக் கொடுக்கிறவருக்குப் பெரிய ஆசை ஒன்று வரும். அந்தத் தொண்டையின் முழு வலுவையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை. யன்னல் கண்ணாடி அதிர அவர் பாடினால் எழுதியவருக்கும் பெருமைதானே. இந்தப் பாட்டு அதைச் செய்யவில்லை. தொட்டில் பக்கத்தில் நின்று பாடுவதுபோல அடங்கித் தொடங்குகிறது, பெரும்பகுதியும் அப்படியே போகிறது. கிற்றாரால் கதவைத் திறந்த ஆள் எழுதிய பாட்டு இது! தன் தொண்டைக்கு எது வசதி, தன் விரலுக்கு எது வேகம் என்பதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, இப்போதுதான் தாயான ஒரு பெண்ணின் மூச்சு எங்கே நிற்கும் என்று பார்த்து எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் பெரியவர்கள் கேட்கும் வானொலிகளின் பட்டியலில் அது 21 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதுவரை அந்தப் பட்டியலில் எந்தப் பாட்டும் அவ்வளவு காலம் இருந்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் சாதாரண வானொலியில் பாட்டொன்று போனால் காசு எழுதினவருக்கும் அவரது பதிப்பாளருக்கும்தான். பாடினவருக்கு ஒரு சதமும் இல்லை. கனடாவில் பாடகருக்கும் ஒரு பங்கு உண்டு, அமெரிக்கச் சட்டம் அப்படி இல்லை. ஆகவே அந்த 21 வாரமும் பெயர் செலினுக்கு, வானொலிக் காசு அல்டோ நோவாவுக்கும் மோச்சியோவுக்கும். செலினுக்கு அதனால் அடுப்பு எரியாமல் போகவில்லை என்பது வேறு விஷயம்.

எங்களிடம் வழக்கம் இன்னும் மோசம். நாங்கள் பாடினவர் பெயரைக்கூடச் சொல்வதில்லை. 'எம்.ஜி.ஆர் பாட்டு', 'சிவாஜி பாட்டு' என்கிறோம். எழுதினது கண்ணதாசனோ வாலியோ, பாடினது சௌந்தரராஜன், இசை விஸ்வநாதன், ஆனால் பாட்டு மட்டும் வாயசைத்தவருடையது. அந்த விஸ்வநாதனின் கதையும் இந்த வகைதான். சின்ன வயதிலேயே தகப்பன் போய்விட்டார். படக்கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன், பிறகு ஜூபிடர் நிறுவனத்தில் எடுபிடி. அவருக்கு நடிக்க வேண்டும், பாட வேண்டும் என்றுதான் ஆசை. நடிப்பு சரிவரவில்லை. மற்றவர்களின் தொண்டைக்கு மெட்டுப் போடுகிறவரானார். இடையிடையே தானே பாடியும் வைத்தார், அந்த உச்சக்குரலுக்குத் தனி ரசிகர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

எனக்குப் பழக்கமான ஒருவர் இருக்கிறார். எழுபதுகளில், நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப் இசையால் இலங்கையைக் கலக்கிய காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஒரு குழுவில் கிற்றாரோடு பாடியவர். இங்கே வந்து டோர்வலில் ஒரு சரக்குக் கிடங்கில் இளைப்பாறும்வரை பெட்டி ஏற்றினார். இப்போது பிள்ளைகளின் வாணி விழாவுக்குப் பாட்டுக் கட்டிக் கொடுக்கிறார். "நீங்களே ஒன்று பாடுங்கோவன் அண்ணை" என்றால் கையை ஆட்டிவிடுவார். ஆனால் பாட்டுக் கேட்டுப் போனால் முதலில் கேட்பது, "எந்தப் பிள்ளை பாடப்போகுது? அவளை ஒருக்கால் கதைக்கச் சொல்லுங்கோ." பிள்ளை பாடிக் காட்ட வேண்டாம், பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று சும்மா கதைத்தால் போதும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அடுத்த கிழமை பாட்டு வரும், அந்தப் பிள்ளைக்கு எட்டாத ஒரு சுரமும் அதில் இருக்காது. பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு ழகரம் வராவிட்டால் அதற்கும் சொல் மாறியிருக்கும். இதைத் தோற்றுப்போன பாடகனின் ஆறுதல் வேலை என்று யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும். மேடையில் தன் குரலைக் காட்டுகிறவனுக்கு இவ்வளவு காது தேவையில்லை.

அல்டோ நோவாவும் தன் குரலை விற்றுவிட்டுப் போனவர் அல்ல. மனிதர் பிறகும் எழுதிக்கொண்டிருந்தார். முதல் தட்டு வந்து நாற்பது வருடம் கழித்து, 2022இல், தன் பெயரிலேயே திரும்பி வந்தார். 'தி லைஃப் அண்ட் டைம்ஸ் ஒஃப் எடி கேஜ்' என்ற றொக் இசை நாடகம், இசை வியாபாரத்துக்குள் மாட்டிக்கொண்ட ஒரு கலைஞனின் கதை. யாரிடம் அனுபவம் வாங்கி எழுதினார் என்று கேட்கத் தேவையில்லை. அப்போது அவருக்கு 65 வயது, கிற்றாரில் விரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கேட்க விரும்புகிறவர்கள் 'ஃபான்டசி'யையும் 'எ நியூ டே ஹாஸ் கம்'மையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே ஆள் என்று நம்ப உங்களுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும்.