நம் முன்னோர் ஊணுக்கு ஒரு பெயர்





நம் இல்லங்களில் வழிவழியாகக் காக்கப்பட்டு வரும் உணவொழுக்கத்திற்கு நாம் என்ன பெயர் வழங்குகிறோம்? யாரேனும் வினவினால், “நாங்கள் சைவம்” என்று விடை கூறி விடுகிறோம். கேட்டவரும் அமைதியுறுகிறார், நாமும் அமைதியுறுகிறோம். ஆயினும் அவ்விடை நம் ஒழுக்கத்தை முழுமையாக உணர்த்துகின்றதா என்பதைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சைவம் என்பது சிவநெறியினரைக் குறிக்கும் சமயப்பெயர். அந்நெறியில் நின்ற சான்றோர் பலர் புலால் நீத்து வாழ்ந்தமையால், அப்பெயர் தமிழகத்தில் புலால் இல்லாத உணவுக்கே ஆகிவந்தது. அதனை நாம் குறைகூறவில்லை. புலால் நீத்தார் எச்சமயத்தவராயினும் நம் வணக்கத்திற்கு உரியவரே. ஆனால் நம் ஒழுக்கம் புலால் நீத்தலோடு முடிவதன்று. சமந்தபத்திர ஆசாரியர் இல்லறத்தாருக்கு வகுத்த மூலகுணங்கள் எட்டனுள் ஐந்து அணுவிரதங்களோடு கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விடுதல் அடங்கும். ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைக் கனிகளையும், அவற்றுள் நுண்ணுயிர்கள் நிறைந்திருத்தலால், விலக்குமாறு வேறு ஆசாரியர் பணித்தனர். பயன் சிறிது, உயிரழிவு பெரிது என்னும் காரணத்தால் முள்ளங்கி, பச்சை இஞ்சி, வெண்ணெய், வேப்பம்பூ, தாழம்பூ முதலியவையும் விலக்கப்பட்டன. கதிரவன் மறைந்தபின் உண்ணாமை, நீரை வடிகட்டிப் பருகுதல் ஆகிய இரண்டும் இவற்றோடு சேர்ந்தவை. “சைவம்” என்னும் ஒரு சொல் இவற்றுள் எதனை உணர்த்தும்?

இவ்வினா சொல்லாராய்ச்சி அளவில் நிற்பதன்று. ஊரில் பெற்றோருடன் வாழும் பிள்ளைக்கு ஒழுக்கம் கண்ணால் கண்டு பழகியதாக இருக்கிறது. மாலையில் அடுப்பு அணைவதை அது காண்கிறது. குடத்தின் வாயில் கட்டிய துணியைக் காண்கிறது. அப்பிள்ளை கல்விக்காகவோ பணிக்காகவோ நகரம் சென்று விடுதியில் தங்கும்போது, அதனுடன் செல்வது பெயர் ஒன்றே. பெயர் “சைவம்” என்றால், சைவ உணவுக் கூடத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தேன் கலந்த பண்டத்தை உண்பதில் அதற்கு ஒரு முரணும் தோன்றாது. கடையில் வாங்கும் பொட்டலத்தின்மேல் பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்று கருதுவோரும் உளர். இந்நாட்டு உணவுச் சட்டத்தின்படி தேன் கலந்த பொருளும் பச்சைப் புள்ளி பெறத்தக்கதே என்பதை அவர்கள் அறியார். இவ்வாறு ஒழுக்கம் தேய்ந்து, ஒரு தலைமுறையில் பெயர் மட்டும் எஞ்சும்; அடுத்த தலைமுறையில் அதுவும் எஞ்சுமோ என்பது ஐயமே.

மற்றொரு செய்தியும் உண்டு. “முன்னோர் உணவு” என்னும் சொல்லே இக்காலத்தில் வேறொரு பொருளில் வழங்கலாயிற்று. வேளாண்மை தோன்றுமுன் வேட்டையாடி வாழ்ந்த கற்கால மாந்தரின் உணவே மனித உடலுக்கு ஏற்றது என்னும் கொள்கை மேனாட்டில் எழுந்தது. 1975ஆம் ஆண்டில் அதுபற்றி ஒரு நூல் வந்தது; 1985இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்தது; 2002இல் வெளியான மற்றொரு நூலால் “பேலியோ” என்னும் பெயர் உலகெங்கும் பரவியது. தமிழகத்திலும் அதனைப் பின்பற்றுவோர் பலர் உளர். இறைச்சியும் முட்டையும் மிகுந்த உணவே ஆதிமுன்னோர் உணவு என்று கேட்டு வளரும் நம் இளைஞர், “அவ்வாறாயின் நம் முன்னோர் உணவு யாது?” என்று வினவினால், நாம் விடையின்றி நிற்றலாகாது.

அக்கற்கால மாந்தரும் ஊனையே நம்பி வாழ்ந்தாரல்லர். இத்தாலி, உருசியா, செக் நாடு ஆகிய இடங்களில் கிடைத்த, ஏறத்தாழ 30,000 ஆண்டுகள் பழமையான அரைகற்களில் தாவர மாவின் துகள்கள் படிந்திருந்ததை ஆய்வாளர் கண்டு 2010இல் வெளியிட்டனர். எனினும் நம் அறம் இத்தகைய சான்றுகளை நம்பி நிற்பதன்று. முன்னோர் செய்தனர் என்பதனால் மட்டுமே ஒன்றைச் செய்வது உலக மூடம் என்று நம் நூல்கள் இடித்துரைக்கின்றன. கற்காலத்தார் ஊன் உண்டனர் என்பதனால் அது நமக்கு அறமாகாது. அவ்வாறே, நம் பாட்டனார் உண்ணவில்லை என்பதனால் மட்டும் நாம் உண்ணாதிருந்தால் அது பழக்கமாகுமேயன்றி நற்காட்சியாகாது. அவர் ஏன் உண்ணவில்லை என்பதை அறிந்து நீத்தலே விரதம்.

நமக்கு முன்னோர் என்றால் முதலில் நினைவிற்கு வருபவர் ஆதிபகவனாகிய விருஷப தேவரே. போகபூமியின் காலம் கழிந்து கற்பக மரங்கள் குன்றிய பொழுது, பசித்து வந்த மக்களுக்கு உழவு முதலிய அறுதொழிலையும் அப்பெருமான் கற்பித்தருளினார். கரும்பின் சாற்றைக் கொள்ளும் முறையையும் அவரே காட்டினார் என்றும், இக்ஷு என்னும் கரும்பின் பெயரால் அவர் குலம் இக்ஷ்வாகு குலம் எனப் பெயர் பெற்றது என்றும் நம் மரபு கூறும். உணவால் ஒரு குலமே பெயர் பெற்றது! உண்ணும் முறைக்குப் பெயரிடுதல் நமக்குப் புதிதன்று என்பதற்கு இதுவே சான்று.

அப்பெருமான் துறவு பூண்டு ஆறு திங்கள் உண்ணாநோன்பு இயற்றியபின் ஆகாரத்தின் பொருட்டு ஊர்தோறும் எழுந்தருளினார். மக்கள் ஓடிவந்து பொன்னும் மணியும் யானையும் குதிரையும் அளிக்க முன்வந்தனர். அவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை. முனிவருக்கு அளிக்கத்தக்க ஊண் இன்னதென்னும் அறிவே குறைவு. அதனால் மேலும் பல திங்கள் பெருமான் உணவின்றியே சென்றார். அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் முற்பிறப்பு நினைவால் அம்முறை உணர்ந்து கரும்புச்சாறு அளித்தான். அந்நாளே அட்சய திருதியை. அன்பு இருந்தும் அறிவில்லையேல் பசி தீராது என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது. நம் பிள்ளைகளிடம் நாம் கொண்ட அன்போடு, அவர்களுக்கு அளிக்கத்தக்க சொல்லும் நம்மிடம் இருத்தல் வேண்டும்.

புதுப்பெயர் இட்டால் உலகம் ஏற்குமா என்று சிலர் ஐயுறலாம். மேனாட்டில் புலால் நீத்த உணவு ஒரு காலத்தில் கிரேக்க ஞானியின் பெயரால் “பிதாகரஸ் உணவு” என்றே வழங்கியது. 1847ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராம்ஸ்கேட் நகரில் ஒரு சங்கம் தோன்றிய பின்னர் “வெஜிடேரியன்” என்னும் பெயர் நிலைபெற்றது. பாலும் முட்டையும் அப்பெயருக்குள் அடங்கியது கண்டு மனம் பொறாத டொனால்ட் வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர் சிலரும் 1944இல் தனிச்சங்கம் கண்டு, பழைய சொல்லின் தலையையும் வாலையும் இணைத்து “வீகன்” என்னும் புதுச்சொல்லை ஆக்கினர். சிலர் கூடி ஆக்கிய அச்சொல்லை இன்று உலகமே அறியும். 2022இல் இந்நாட்டு அரசும் அவ்வுணவுக்கெனத் தனிவிதிகள் வகுத்தது. ஒழுக்கத்தில் உறுதியுடையோர் இட்ட பெயர் நிலைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பெயரிடும் முன் பெயரின் இயல்பை அறிதல் வேண்டும். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம் என நால்வகை நிக்ஷேபங்களைக் கூறியுள்ளார். ஏழைச் சிறுவன் ஒருவனுக்கு அரசன் என்று பெயரிடுவது நாமம். ஓவியத்தைக் காட்டி இவன் அரசன் என்பது ஸ்தாபனை. நாளை முடிசூடவிருக்கும் இளவரசனை அரசன் என்பது திரவியம். இன்று அரியணையில் அமர்ந்து ஆள்பவனை அரசன் என்பது பாவம். இந்நான்கையும் நம் உணவோடு பொருத்திப் பார்ப்போம்.

பிறர் கேட்கும்போது “சைவம்” என்று கூறி, அதன் பொருளை எண்ணாதிருப்பது நாம அளவில் நிற்றல்.

தாவரப் பொருள்களைக் கொண்டே கோழியின் வடிவிலும் மீனின் சுவையிலும் பண்டங்கள் செய்து, அவற்றிற்கு அவ்வுயிர்களின் பெயரையே இட்டு இந்நாளில் விற்கின்றனர். புலால் உண்டு பழகியவர் அதனை விடுவதற்கு அவை ஊன்றுகோலாகலாம்; அதனை நாம் இகழவேண்டுவதில்லை. ஆனால் பிறப்பிலேயே புலாலறியாத நம் மக்கள் அவற்றை விரும்பி உண்பது தகுமோ? இங்கே யசோதர காவியத்தை நினைவு கூர்க. அன்னை சந்திரமதியின் வற்புறுத்தலால் யசோதர மன்னன் உயிர்க்கோழியை விடுத்து மாவினால் கோழி செய்து தேவிக்குப் பலியிட்டான். வெட்டுண்டது மாவே, ஆயினும் எண்ணத்தில் வெட்டுண்டது கோழி. அதன் பயனாகத் தாயும் மகனும் மயிலும் நாயுமாய்ப் பிறந்து, மேலும் பல விலங்குப் பிறவிகளில் உழன்று, இறுதியிலேயே அபயருசி, அபயமதி என்னும் இரட்டையராய் நன்னெறி எய்தினர். மாவுக்கு உயிரின் வடிவும் பெயரும் இட்டு, அதனை அழிக்கும் எண்ணமும் கொண்டால் வினை கட்டும் என்பதே அக்காவியத்தின் உயிர்நாடி. இது ஸ்தாபனையின் வலிமை.

“நாங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் புலால் உண்ணாத குடியினர்” என்று பெருமை பேசுவது திரவியம். அது முன்னைய நிலையைப் பற்றிய சொல். முன்னோர் அணிந்த முடியைப் பேழையில் வைத்திருப்பவன் அரசனாகான்.

இவ்வேளையில், இக்கவளத்தில், எவ்வுயிர்க்கு என்ன துன்பம் நேர்ந்தது, அதனை எவ்வளவு குறைக்கலாம் என்னும் விழிப்போடு உண்பதே பாவம். நாம் தேடும் பெயர் இவ்விழிப்பை நினைவூட்டுவதாக இருத்தல் வேண்டும்.

இனிப் பெயர்களை ஆராய்வோம். “மரக்கறி உணவு” என்பது ஈழத்தமிழரிடையே வழங்கும் நல்ல சொல். எனினும் அது உண்ணும் பொருளைக் கூறுமேயன்றி உண்ணும் நோக்கத்தைக் கூறாது. “புலால் மறுத்த உணவு” என்பது நாம் விடுவதில் ஒரு பகுதியை மட்டுமே கூறும். “ஜைன உணவு” என்று விமானப் பயணங்களில் தனிப்பெயரே உண்டு. அது பயனுடையதே; ஆயினும் கேட்போர் அதனை ஒரு குலத்தாரின் வழக்கமென்று கருதுவரேயன்றி, தமக்கும் உரிய அறமென்று எண்ணார்.

“கொல்லா ஊண்” என்னும் பெயர் செவிக்கு இனியது. பலர் இதனையே விரும்புவர். ஆனால் வாய்மை விரதம் இங்கே நம்மைத் தடுக்கிறது. நெல்லும் கீரையும் ஓரறிவுயிர்களே. நீரிலும் நெருப்பிலும் உயிருண்டு என்று நம் ஆகமம் கூறும். இல்லறத்தான் இயங்குயிர்களைக் கருதிக் கொல்லுதலை முற்றும் விடுகிறான். நிலைத்திணை உயிர்களின் அழிவைத் தன்னால் இயன்ற அளவு குறைக்கிறான். அவ்வளவே. அவ்வாறிருக்க, “கொல்லா ஊண்” என்று கூறிக்கொள்வது எய்தாத நிலையை எய்தியதாகப் பேசுவதாகும். கொலையைக் குறைக்கும் முயற்சிக்கு இட்ட பெயரே பொய்ம்மைக்கு இடமாதல் நன்றன்று.

ஆகவே, “உயிரோம்பும் ஊண்” என்னும் பெயரை உங்கள் முன் வைக்கிறேன். ஓம்புதல் என்பது பேணுதல். அது முடிந்த செயலைக் கூறாமல் தொடரும் முயற்சியைக் கூறுகிறது. அதில் தற்பெருமையில்லை; படிநிலைகளுக்கு இடமுண்டு. புலாலை இன்று விட்டவனும் அதன் முதற்படியில் நிற்கிறான். இரவுணவையும் தேனையும் விட்டவன் அடுத்த படியில் நிற்கிறான். கையே கலமாக ஒருவேளை உண்ணும் முனிவர் அதன் உச்சியில் நிற்கிறார். அயலார் கேட்டால் பொருள் விளங்கும். சமயப் பூசலுக்கு இடமில்லை. நம் பிள்ளை “நான் உயிரோம்பும் ஊண் உண்பவன்” என்று கூறினால், “அஃதென்ன?” என்று கேட்பவர் கேட்பர். அவ்வினாவுக்கு விடை கூறும் பொருட்டேனும் அப்பிள்ளை தன் அறத்தைக் கற்கும். தேனை ஏன் விட்டாய், இரவில் ஏன் உண்ணவில்லை என்னும் வினாக்களுக்கு ஒரே சொல்லில் விடையிருக்கும்: உயிரை ஓம்புதற்கு.

இதனினும் சிறந்த பெயர் அறிஞர்க்குத் தோன்றலாம். தோன்றின் மகிழ்ந்து ஏற்போம். எப்பெயரை ஏற்பினும், அதனைத் திருமண அழைப்பிலும் ஆலயத் திருவிழா அன்னதான அறிவிப்பிலும் எழுதுவதோடு நில்லாது, அப்பந்தியைக் கதிரவன் மறைவதற்கு முன்னரே முடித்தல் வேண்டும். பெயரை எழுதிவிட்டு இரவில் இலை போடுவோமாயின், ஏழைச் சிறுவனுக்கு அரசன் என்று பெயரிட்ட கதையாகவே அது முடியும்.

இன்று மாலை உணவுக்கு அமரும்போது, இலையின்முன் ஒரு நொடி அமைதியாயிருந்து, “இவ்வூண் எவ்வுயிர்க்கும் இயன்றவரை ஊறின்றி அமைக” என்று எண்ணுங்கள். அருகில் அமர்ந்த பிள்ளை “என்ன எண்ணினீர்கள்?” என்று கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். அக்காரணம் நெஞ்சில் நின்றால் பெயரும் நாவில் நிற்கும்.

எல்லா உயிரும் இன்புறுக! ஜிநதருமம் வாழ்க!