கேளாமல் நுழைந்த காவல்

பிளாஸ்டர் என்ற இணையப் புழு 2003 ஆகஸ்ட் 11 அன்று பரவத் தொடங்கியது. விண்டோஸ் 2000, விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில், ஒரு கணினி இன்னொன்றிடம் வேலை கேட்பதற்கென வைத்திருந்த சேவையில் ஓர் ஓட்டை இருந்தது. புழு அதன் வழியே புகுந்தது. மின்னஞ்சலைத் திறக்கவோ எதையும் சொடுக்கவோ தேவையிருக்கவில்லை. இணையத்தோடு இணைந்திருந்தாலே போதும். பல கணினிகள் 60 விநாடி அவகாசம் காட்டிவிட்டுத் தாமாக அணைந்து, எழுந்து, மறுபடியும் அணைந்தன. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஜூலை 16 அன்றே மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்துவிட்டது. ஏறத்தாழ நான்கு வாரங்கள் கிடைத்தும் பெருவாரியானவர்கள் அதை நிறுவியிருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 18 அன்று, இரண்டாவது புழு கிளம்பியது. அதற்கு நாச்சி என்றும் வெல்ச்சியா என்றும் பெயர். அதுவும் அதே ஓட்டை வழியேதான் நுழைந்தது. ஆனால் உள்ளே போனதும் பிளாஸ்டரைத் தேடி அழித்தது, மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து பேட்சை இறக்கி நிறுவியது, கணினியை ஒருமுறை அணைத்து எழுப்பியது. நிரலுக்குள் மனைவி, குழந்தை மீதுள்ள அன்பைச் சொல்லும் ஒரு வரியும், 2004 பிறந்ததும் தானே விலகிவிடுவதாக ஓர் அறிவிப்பும் இருந்தன. எழுதியவர் பெயரைக் காணோம்.

உடையவரைக் கேளாமல் அவர் உடைமைக்குள் புகுந்து செய்யும் நன்மையை நன்மை என்று ஏற்கலாமா என்ற பழைய அறக்கேள்வி, இப்படி ஏழே நாள் இடைவெளியில் கணினி உலகத்துக்கும் வந்து சேர்ந்தது.

விளைவைக் கொண்டு பதில் சொல்வது எளிது. அடுத்த கணினியைத் தேடி நாச்சி அனுப்பிய பிங் செய்திகளின் பெருக்கத்தால் நெட்வொர்க்குகள் திணறின. ஏர் கனடாவின் பயணப் பதிவு வேலைகள் தடுமாறின. அமெரிக்கக் கடற்படையும் மரைன் படையும் பயன்படுத்திய உள்வலையிலும் அது புகுந்தது. காக்க வந்தது கெடுத்துவிட்டது என்று சொல்லி விஷயத்தை அத்தோடு முடித்துவிடலாம். அந்த முடிவு அவசரமானது. நாச்சி மோசமாக எழுதப்பட்டதைத்தான் அது காட்டுகிறது. யாருக்கும் இடைஞ்சல் தராமல், சத்தமின்றி வந்து ஓட்டையை அடைத்துவிட்டுப் போகும் புழு ஒன்றை எழுதினால் அது சரியா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

அந்தக் கேள்விக்கு ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதிய ‘ஆன் லிபர்ட்டி’ நெருங்கிய துணை. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகக் கட்டாயப்படுத்த, அவருடைய சொந்த நன்மை போதுமான காரணம் ஆகாது; பிறருக்கு வரும் தீங்கைத் தடுப்பதே காரணமாகும் என்பது மில்லின் கோட்பாடு. அதே நூலில் அவர் ஒரு விலக்கும் தருகிறார். பழுதான பாலத்தில் ஒருவர் கால்வைக்கப் போகிறார், எச்சரிக்க நேரமில்லை. அவரைப் பிடித்து நிறுத்தினால் அவருடைய சுதந்திரம் மீறப்படவில்லை, ஏனென்றால் ஆற்றில் விழ அவர் விரும்பவில்லை. நாச்சிக்காகப் பேசுபவர் இவ்விரண்டையுமே கையிலெடுக்கலாம். புழு பிடித்த கணினி மற்றவற்றைத் தாக்குகிறது. எனவே அது உடையவரின் சொந்த விவகாரம் மட்டுமல்ல. பெரும்பாலான உடையவர்களுக்கு ஆபத்து வந்ததே தெரியாது. தெரிந்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார்கள்.

வாதம் வலுவானதுதான். ஆனால் மில்லின் எடுத்துக்காட்டில் சொல்லாமல் விட்ட இரண்டு விஷயங்கள் உள்ளன. பிடித்து நிறுத்துபவர் எதிரே இருக்கும் ஆளைக் கண்ணால் பார்க்கிறார். நிறுத்தப்பட்டவரும் அடுத்த கணமே திரும்பி, ஏன் தடுத்தாய் என்று கேட்கலாம். இந்த இரண்டுமே புழுவிடம் இல்லை. எந்த விண்டோஸ் பதிப்பு என்பது அதற்குத் தெரியும். கணினி சிறுவனின் விளையாட்டுக்கு ஓடுகிறதா, அறுவை சிகிச்சைக் கூடத்தில் ஓடுகிறதா என்பது தெரியாது. 2008இல் டிப்பிங்பாயிண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் இதே இடத்தில் வந்து நின்றார்கள். கிராக்கன் என்ற தீநிரல் பிடித்த ஆயிரக்கணக்கான கணினிகள் அவர்கள் அமைத்த சர்வரோடு வந்து பேசின. அங்கிருந்தே அதை நீக்கிவிடும் வழியும் கையில் இருந்தது. நீக்கிவிடலாம் என்று சிலர் வாதிட்டார்கள். அந்தக் கணினிகளில் ஒன்று ஒரு நோயாளியின் உயிர்காக்கும் கருவியை இயக்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்ற எதிர்க்கேள்வி வந்தது. நிறுவனம் கைவைக்கவில்லை. வந்து பேசும் கணினிகள் மற்றவர்களைத் தொடர்ந்து தாக்கும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் ஒரு செயல்தான் என்பதால் அந்த முடிவையும் குற்றமற்றது என்று சொல்வது கடினம்.

உடையவர் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. பேட்ச் வந்தது தெரிந்தும் நிறுவாதவர் தன் சோம்பலின் விலையைப் பிறர் தலையில் ஏற்றுகிறார். இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தக்கது தடுப்பூசி வழக்கு. அம்மைத் தடுப்பூசியை மறுத்த ஒருவர் மீது மாசசூசெட்ஸ் விதித்த 5 டாலர் அபராதத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905இல் செல்லும் என்றது. பொது நலனுக்காகத் தனி மனிதரைக் கட்டாயப்படுத்தலாம் என்பதற்குச் சான்றாக இதைக் காட்டுவார்கள். விதித்தது அபராதம் என்பதையும், அவரைப் பிடித்து ஊசி போடும்படி உத்தரவு எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடமையை வற்புறுத்துவது வேறு, மற்றவர் எல்லைக்குள் தானே புகுந்து அதை நிறைவேற்றுவது வேறு.

சில வேளை அரசே புகுந்ததும் உண்டு. 2021இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர்களில் ஊடுருவியவர்கள் விட்டுச்சென்ற பின்வாசல் நிரல்களை, டெக்சாஸ் நீதிமன்ற அனுமதியோடு எஃப்பிஐ நூற்றுக்கணக்கான கணினிகளிலிருந்து நீக்கியது. உடையவர்களிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. நாச்சியிலிருந்து இதை வேறுபடுத்துவது நோக்கத்தின் தூய்மை அல்ல, அதன் அளவும் பொறுப்பும். எஃப்பிஐ பின்வாசலை மட்டும் எடுத்தது; பேட்சைத் தானாக நிறுவவில்லை, வேறெதையும் தேடவில்லை; பிறகு உடையவர்களுக்குத் தகவல் சொல்ல முயன்றது. ஒரு நீதிபதியின் கையெழுத்து இருந்ததால், தவறு நடந்திருந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது தெரிந்திருக்கும். நல்ல புழுவின் குறை இங்கேதான் இருக்கிறது. அது அதிகாரம் செலுத்துகிறது, ஆனால் அந்த அதிகாரத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எண்ணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தக் குறை நீங்காது.

பிளாஸ்டர் தந்த அதிர்ச்சிக்குப் பின் 2004 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக், ஃபயர்வாலைத் தொடக்கத்திலேயே இயங்கும்படி வைத்தது. தானியங்கிப் புதுப்பிப்பை ஏற்கும்படி வலியுறுத்தியது. 2015இல் வந்த விண்டோஸ் 10 ஹோம் பதிப்பில் மறுக்கும் வழியே அடைபட்டது. பேட்சை இறக்கி, நிறுவி, கணினியை அணைத்து எழுப்புவது என நாச்சி செய்த வேலைகளையேதான் இந்தத் தானியங்கிப் புதுப்பிப்பும் செய்கிறது. நடுவில் இருப்பது, யாரும் படிக்காத ஒப்பந்தத்தின் கீழே சொடுக்கிய ஒரு சம்மதம். அந்தச் சம்மதம் மெல்லியதுதான் என்றாலும், அதற்குப் பின்னால் பெயரும் முகவரியும் உள்ள ஒரு தரப்பு இருக்கிறது. விண்டோஸ் 10 கேளாமல் நிறுவத் தொடங்கியதால் தன் தொழில் கெட்டது என்று கலிஃபோர்னியாவின் பயண முகவர் ஒருவர் சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்துக்குப் போனார். 10,000 டாலர் இழப்பீடு பெற்றார். 2016இல் மைக்ரோசாஃப்ட் தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே மேல்முறையீட்டைக் கைவிட்டது.