மறுபடி கேட்பவர் யாரிடம் கேட்பது?

2011 அக்டோபரில் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ளாட்சித் தேர்தலுக்குப் போனவர் கையில் இரண்டு ஓட்டு இருந்தது. ஒன்று வார்டு உறுப்பினருக்கு, இன்னொன்று நகர்மன்றத் தலைவருக்கு. 2022 பிப்ரவரி 19 அன்று அதே வாக்காளருக்கு ஒரே ஓட்டு, வார்டு உறுப்பினருக்கு மட்டும். பக்கத்தில் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு 2021இல் மாநகராட்சியான சிவகாசியிலும் அப்படித்தான். முதல் மேயரை அமர்த்தியது 48 வார்டு உறுப்பினர்களைக் கொண்ட மாமன்றம்.

அந்த மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடியும். பதவியில் இருப்பவர் இன்னொரு முறை வேண்டும் என்று நினைத்தால், அதை யாரிடம் கேட்பது நியாயம்?

சட்டப்படி பதில் எளிது: கவுன்சிலர்களிடம். நடைமுறையில் கட்சித் தலைமையிடம். ஆனால் ஐந்து வருடம் அந்த நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்தவர்கள் வேறு. ராஜபாளையத்தில் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் தெருக் குழாய்க்கு என்றைக்கு வரும் என்று குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருப்பவருக்கு, அந்த நிர்வாகம் எப்படி இருந்தது என்று மன்றத் தீர்மானப் புத்தகத்தைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தவரிடம் கேட்காமல் பெறும் இரண்டாவது வாய்ப்பு சட்டத்துக்குச் சரியாக இருக்கலாம். அறத்துக்கு அது போதாது.

கவுன்சிலர்களே தலைவரைத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தலுக்கும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. மேயர் ஒரு கட்சி, மன்றத்துப் பெரும்பான்மை வேறு கட்சி என்றானால் தீர்மானம் நிறைவேறாது, வேலை நின்றுபோகும். இதை லேசாகத் தள்ள முடியாது. சாக்கடை அடைத்துக்கொண்டால் அவதிப்படுவது வார்டு மக்கள்தான். ஆனாலும் அதைத் தவிர்க்க அவர்கள் கொடுக்கும் விலை பெரிது: தலைவரைத் தாங்களே எடைபோடும் வாய்ப்பு. 2001 மே மாதம் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியது, தி.மு.க. தோற்றது. ஐந்தே மாதத்தில், அக்டோபரில், 1996 முதல் மேயராக இருந்த அதே கட்சியின் மு.க. ஸ்டாலினைச் சென்னை மக்கள் நேரடி ஓட்டில் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். கோட்டையில் யார் என்பதையும் ரிப்பன் மாளிகையில் யார் என்பதையும் தனித்தனியாக எடைபோட மக்களுக்குத் தெரியும். அவர்கள் எடுத்தது சரியான முடிவா தவறான முடிவா என்பது வேறு விவாதம். எடைபோட வாய்ப்பு இருந்தது, அதுதான் முக்கியம். 2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்கள் பதவி விலகி, அந்த இடத்துக்கு வேறு இருவர் வந்தபோது இரண்டு ஊர் வாக்காளர்களுக்கும் அதில் ஒரு வேலையும் இருக்கவில்லை.

மக்கள் முன் நிற்பதில் தோல்வியும் உண்டு. ராஜபாளையத்துக்காரரான பூ.ச. குமாரசாமி ராஜா முதலமைச்சராக இருந்துகொண்டே 1952 தேர்தலைச் சந்தித்தார், தோற்றார். இன்றும் ஊரில் அவர் பெயர் மரியாதையோடுதான் சொல்லப்படுகிறது.

2016க்குப் பிறகு தேர்தல் நடக்காமல் ஐந்து ஆண்டுக்கு மேல் நகராட்சிகளைத் தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். கேள்வி கேட்க வார்டு உறுப்பினர்கூட இல்லை. அந்தக் காலத்தைப் பார்த்தவர்களுக்கு மறைமுகத் தேர்தலே பெரிதாகத் தோன்றலாம். தோன்றட்டும். ஆனால் சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு கடமை இருக்கிறது. ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும் வார்டு வேட்பாளர், தலைவர் பதவிக்குத் தன் ஓட்டு யாருக்கு என்பதை அங்கேயே சொல்ல வேண்டும். இப்போது இருப்பவருக்கே என்றால், எந்த வேலைக்காக என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வாசலில் நிற்பவர் கேட்க வேண்டும்.