வாயிலில் நிற்பவர் யார்?

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் பதினைந்து ஆண்டுகளாகப் பணியாற்றும் பொறியாளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மாலையில் மெட்ரோ ரயிலில் வீடு திரும்பும்போது கைபேசியைத் திறக்கிறார். லிங்க்ட்இன் தளத்தில் நான்கு இணைப்பு வேண்டுகோள்கள் அவருக்காகக் காத்திருக்கின்றன.

முதலாமவர் முன்பு உடன் பணிபுரிந்தவர். இரண்டாமவர் வீட்டுமனை விற்பவர். மூன்றாமவர் தர்மபுரிக்கு அருகே ஒரு சிற்றூரைச் சேர்ந்த கல்லூரி மாணவி. இந்தத் துறையில் நுழைய என்ன படிக்க வேண்டும் என்று பணிவாக இரண்டு வரி எழுதியிருக்கிறாள். நான்காமவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவராகத் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்பவர். பொறியாளருக்கு அவரைத் தெரியாது. ஆனால் அவருடைய இணைப்பில் தம் நண்பர்கள் எழுவர் இருப்பதைக் காண்கிறார். களைப்பில் நால்வரையும் ஏற்றுக்கொள்கிறார். எரிச்சலான வேறொரு நாளாக இருந்திருந்தால் நால்வரையும் ஒதுக்கியிருப்பார்.

'விரல் நுனியால் முடிகிற வேலை. இதில் அறம் எங்கே வந்தது?' என்று கேட்கத் தோன்றும். சற்று ஆராய்ந்தால், அறம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்பது புலப்படும்.

ஏற்பதும் சாட்சி சொல்வதே

2003 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கிய இத்தளத்தை 2016-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வாங்கியது. 2023-இல் இந்திய உறுப்பினர்களின் எண்ணிக்கை மட்டும் பத்துக் கோடியைக் கடந்தது. ஒருவர் முப்பதாயிரம் பேர்வரை இணைத்துக்கொள்ள இதில் இடமுண்டு. முப்பதாயிரம் பேரை எந்த மனிதரால் அறிந்திருக்க முடியும்?

ஊரில் ஒருவரைப் பற்றி அறிய வேண்டுமானால் பெரியவர்களைக் கேட்பார்கள். 'நல்ல பிள்ளை, எனக்குத் தெரியும்' என்ற ஒரு சொல்லுக்கு மதிப்பு இருந்தது. பிழைப்புக்காகப் பல மாநிலத்தவரும் வந்து கூடும் பெங்களூரு போன்ற நகரில், இணைப்புப் பட்டியல் அந்தச் சொல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பொறியாளர் நான்காமவரை ஏற்றதும் எழுவர் எண்மராகின்றனர். நாளை அந்த மாணவிக்கும் அவரிடமிருந்து வேண்டுகோள் வரலாம். 'இந்த ஐயாவுக்குத் தெரிந்தவர்தான்' என்று அவள் நம்புவாள்.

அந்த நம்பிக்கையின் விலை சிறிதன்று. தாய்லாந்தில் வேலை என்று ஆசை காட்டித் தகவல் தொழில்நுட்பம் அறிந்த இளைஞர்களை மியான்மருக்குக் கடத்திச் செல்லும் கும்பல்களைக் குறித்து 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. சமூக ஊடக விளம்பரங்கள் வழியாகவும் முகவர்கள் வழியாகவும் வலை விரிக்கப்பட்டதை அது சுட்டிக்காட்டியது. ஆராயாமல் காட்டும் தாராளம், முன்பின் தெரியாத ஒருவரின் வாழ்வைப் பணயம் வைத்துவிடக்கூடும். வள்ளுவர் 'நட்பு' என்ற அதிகாரத்தை அடுத்து உடனே 'நட்பாராய்தல்' என்ற அதிகாரத்தை வைத்திருப்பது எண்ணத்தக்கது.

ஒதுக்குவதும் ஒரு செயலே

அப்படியானால் நேரில் தெரிந்தவரை மட்டும் ஏற்றால் போதுமே என்று தோன்றலாம். இது பாதுகாப்பான வழிதான். ஆனால் நியாயமான வழியா?

சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். நெருங்கியவர்கள் நாம் அறிந்ததையே அறிந்திருப்பார்கள். புதிய வாய்ப்பைப் பற்றிய செய்தி பெரும்பாலும் சற்றுத் தொலைவான பழக்கங்களின் வழியாகவே வரும். லிங்க்ட்இன் உறுப்பினர் இரண்டு கோடிப் பேரை ஐந்தாண்டுகள் ஆராய்ந்து 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வும், மிதமான தொலைவிலுள்ள தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு மிகுதியும் உதவுவதாகக் கண்டது.

பொறியாளரின் மகனுக்கு வழிகாட்டச் சித்தப்பா இருக்கிறார், தந்தையின் நண்பர்கள் இருக்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி மிதித்த மாணவிக்கு இந்த ஒரு கதவுதான் இருக்கிறது. தெரிந்தவர்க்கே திறப்பேன் என்பது, உறவினருக்கு மட்டும் இலை போடும் பந்தியைப் போன்றது.

நேரில் காணாமை ஒரு குறையும் அன்று. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலேயே நட்புப் பூண்டவர்கள். சோழன் வடக்கிருந்தபோது, 'அவர் வருவார்' என்று பாண்டிய நாட்டுப் புலவருக்காக இடம் ஒதுக்கிவைக்கச் சொன்னதைப் புறநானூறு காட்டுகிறது. உணர்ச்சி ஒத்தால் நட்புக்கு அது போதும் என்பதற்குப் பரிமேலழகர் இவர்களையே சான்று காட்டுகிறார்.

விவேகமும் மரியாதையும்

நட்பைப் பயன் கருதியது, இன்பம் கருதியது, நற்பண்பு கருதியது என மூன்றாகப் பகுத்தார் அரிஸ்டாட்டில். தொழில்முறை இணைப்பு பெரும்பாலும் முதல் வகை. பயன் கருதுவது இழிவன்று. பயனை மறைத்து வேறொன்றாக நடிப்பதே இழிவு. ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு: இவர் தம்மை உள்ளபடி காட்டுகிறாரா? 'இவரை அறிவேன்' என்று பிறரிடம் நம்மால் கூசாமல் சொல்ல முடியுமா?

மனை விற்பவர் தம் பிழைப்பைப் பார்க்கிறார். தேவையில்லையெனில் அவரை வெறுப்பின்றி விட்டுவிடலாம். ஒதுக்கியதைத் தளம் அவருக்குத் தெரிவிப்பதில்லை. பணிக்கான இடத்தில் ஒரு பெண்ணின் தோற்றத்தைப் புகழ்ந்து வரும் வேண்டுகோளுக்குப் பதில் தரும் கடமை அவளுக்கு இல்லை. அவள் தயங்காமல் தடுத்துவிடலாம். ஆனால் போலி என்று தெளிந்த ஒருவரை ஒதுக்கிவிட்டுப் பேசாமல் இருப்பது போதாது. தளத்தில் புகார் செய்ய வேண்டும். இல்லையேல் அவர் அடுத்த வாயிலுக்குச் செல்வார்.

வேண்டுகோள் அனுப்புபவர்க்கும் நெறி உண்டு. உறுப்பினர்களின் பெயரில், அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப நினைவூட்டல் அஞ்சல்கள் அனுப்பப்பட்டதாக அமெரிக்காவில் 2013-இல் இத்தளத்தின்மீது வழக்குத் தொடரப்பட்டது, 2015-இல் 1.3 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொள்ள நிறுவனம் உடன்பட்டது. ஒருமுறை தட்டுவது அழைப்பு. மறுமொழி வராத கதவை ஓயாமல் தட்டுவது தொல்லை. மௌனமும் ஒரு விடை என்பதை ஏற்கத்தான் வேண்டும்.

மாணவியை ஏற்றுக்கொண்டு அவள் கேள்விக்கு விடை எழுதாமலிருந்தால், அது விருந்தினரைத் திண்ணையில் அமர்த்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வதற்கு ஒப்பாகும். விரிவாக எழுத நேரமில்லையெனில், படிக்கத்தக்க ஒரு நூலின் பெயரையாவது எழுதலாம்.

பொறியாளர் மறுநாள் மாலையும் அதே ரயிலில்தான் வருவார். ஏற்றதை நீக்கவும் தளத்தில் வழி உண்டு. நான்காமவரை நீக்கிப் புகார் செய்யலாம். மாணவிக்கு நான்கு வரி எழுதலாம். இரண்டுக்கும் சேர்த்து இரண்டு நிறுத்தங்கள் கடக்கும் நேரம் போதும். அந்த நேரத்தில் ஒரு பெண்ணுக்கு ஒரு வழி திறக்கும். அவளுக்கு வரக்கூடிய ஒரு தீங்கின் வழி அடைபடும்.