பிறகு அதனை என்ன செய்வீர்?



சித்தூருக்கு அண்மையில் உள்ள காணிப்பாக்கம் சத்தியத்திற்குப் பேர்பெற்ற ஊர். அங்குள்ள விநாயகர் ஆலயத்தில் நின்று பொய்யுரைக்க மக்கள் அஞ்சுவர். குடியை விட்டொழிப்பதாகச் சபதம் செய்வோரும் அவ்வூருக்குச் செல்வதுண்டு. நாம் மேற்கொண்ட பஞ்சசீலமும் ஒரு சபதமே ஆகும். உயிர்க்கொலை செய்யேன் என்பது அதன் முதற்படி. கையில் ஆயுதம் எடாதவர் அச்சீலத்தைக் காத்தவர் என்று நாம் எண்ணியிருக்கின்றோம். ஆயின் நம் கையினின்றும் நழுவும் பிளாஸ்டிக் பை, நாம் அறியாமலே அச்சீலத்தை முறித்து வருகின்றது.

சித்தூர் நகரின் நீவா நதி பொன்னையாற்றில் கலக்கின்றது. பொன்னையாறு பாலாற்றைச் சேர்கின்றது. பாலாறு வயலூர் அருகே வங்கக்கடலில் விழுகின்றது. திருப்பதிப் பக்கத்து நீரை ஏந்திச் செல்லும் சுவர்ணமுகியும் அக்கடலையே அடைகின்றது. ஆகவே மலையடிவாரத்து வீதியில் எறிந்த பையும் புட்டியும் மழைக்காலத்து வெள்ளத்தோடு கடலுக்குப் பயணப்படுகின்றன. அங்கே அவை மக்குவதில்லை. வெயிலாலும் அலையாலும் நொறுங்கிக் கண்ணுக்குப் புலப்படாத துகள்களாகின்றன. மிதக்கும் பையைச் சொறிமீன் என்று கருதிக் கடலாமை விழுங்கி மடிகின்றது. துகளை மீன் உண்கின்றது. அம்மீனை நாம் உண்கின்றோம்.

இவ்விடத்தில் விநய பிடகம் கூறும் ஒரு வரலாற்றை நினைவுகூர்தல் நலம். கோசாம்பியில் உதேனன் என்னும் அரசனுடைய தேவியர் ஆனந்த தேரருக்கு 500 ஆடைகளை வழங்கினர். இத்தனை ஆடைகளைப் பெற்றுக்கொண்ட துறவி துணி வியாபாரம் செய்யப் போகின்றாரோ என்று அரசன் ஐயுற்றான். தேரரையே அணுகி வினவினான். ஆடை கிழிந்த பிக்குகளுக்குப் பங்கிடுவேன் என்றார் தேரர். அவர்களுடைய பழைய ஆடைகளை என்ன செய்வீர் என்றான் அரசன். படுக்கை விரிப்பாக்குவோம் என்றார். விரிப்பும் பழையதானால்? மெத்தை உறையாகும். அதுவும் பழையதானால்? தரை விரிப்பாகும், பின்னர்க் கால்துடைக்கும் துணியாகும், பின்னர்த் தூசு தட்டும் துணியாகும். இறுதியில் அதனைத் துண்டித்துச் சேற்றோடு பிசைந்து தரைக்குப் பூசுவோம் என்று தேரர் விடையிறுத்தார். அரசன் மகிழ்ந்து மேலும் 500 ஆடைகளை அளித்தான்.

அன்பர்களே! பிறகு என்ன செய்வீர் என்னும் அவ்வரசன் கேள்வியே இன்று நாம் ஒவ்வொரு பொருளிடத்தும், ஒவ்வொரு தொழிலிடத்தும் கேட்கவேண்டிய கேள்வி. படைக்கலம், உயிர்கள், ஊன், மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்றுப் பிழைத்தல் உபாசகருக்கு ஆகாதென்று பகவான் விலக்கினார். பிறர்க்குத் துன்பம் விளைத்துப் பொருளீட்டல் நற்றொழில் ஆகாது என்பதே அதன் கருத்து. விற்றவன் பணத்தை எண்ணிக்கொண்டு போனபின், விற்ற பொருள் நீரிலும் நிலத்திலும் நஞ்சாகுமேல் அத்தொழிலின் தூய்மை யாது?

இக்கேள்விக்கு விடை தேடும் தொழில்கள் நம் பக்கத்திலேயே தோன்றியுள்ளன. மக்காச்சோளத்தின் மாவுச்சத்தைக் கொண்டு மக்கும் பை செய்யும் முறையை, ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கூடம் ஒன்று கண்டது. ஈகோலாஸ்டிக் என்னும் தனியார் நிறுவனம் அப்பைகளைச் செய்யத் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் திருமலையில் லட்டுப் பிரசாதம் வழங்குமிடத்தில் அப்பைகளுக்கென ஒரு விற்பனையிடம் திறக்கப்பட்டது. 90 நாட்களில் அவை மக்கும் என்று கூறினர். 2022 ஜூன் முதல் நாளிலிருந்து திருமலையில் பிளாஸ்டிக் முற்றிலும் விலக்கப்பட்டது. இவையெல்லாம் போற்றத்தக்கன. எனினும் ஈரமும் வெப்பமும் நுண்ணுயிரும் உள்ள எருக்குழியில் விரைந்து மக்கும் பொருள், குளிர்ந்த கடல்நீரில் அவ்விரைவில் மக்குவதில்லை. ஆதலால் பை மாறியது என்று மகிழ்ந்து அதனையும் ஆற்றில் எறிவோமாயின் அரசன் கேள்விக்கு நாம் விடையிறுத்தவர் ஆகோம்.

மற்றொரு முயற்சி கேரளத்துக் கொல்லம் கடற்கரையில் நடந்தது. நீண்டகரைச் செம்படவர்கள் முன்பு வலையில் மீனோடு சிக்கிய பிளாஸ்டிக்கை மீண்டும் கடலிலேயே எறிந்துவந்தனர். 2017 இல் அரசு தொடங்கிய சுசித்துவ சாகரம் என்னும் திட்டத்தின் கீழ், அதனைப் பைகளில் சேர்த்துக் கரைக்குக் கொண்டுவந்தனர். முதல் 10 மாதங்களில் ஏறத்தாழ 25 டன் கரையேறியது. பெண்கள் கூலி பெற்று அதனைத் தரம் பிரித்தனர்; கழுவி உலர்த்தினர்; இயந்திரத்தில் அரைத்துச் சாலைத் தாரில் கலக்கக் கொடுத்தனர். கழிவுபிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலையிடும் முறையை மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் முன்னரே கண்டிருந்தார். கிழிந்த ஆடை சேற்றோடு கலந்து தரையானது போல, கடலின் குப்பை தாரோடு கலந்து பாதையாயிற்று.

இங்கு நாம் மறக்கலாகாதது ஒன்றுண்டு. குப்பை அள்ளும் வேலையைப் பிறப்பின் பெயரால் சிலர் தலையில் சுமத்தி, அவர்களையே இழிந்தோர் என்று தூற்றிய நாடு இது. அவ்விழிவைத் துறந்தே நம்மில் பலர் தம்மத்தை நாடி வந்தோம். வாடிய மலர்க்குப்பையை வாரிப் பிழைத்த சுனீதரைப் பகவான் வீதியிலே கண்டு, சங்கத்தில் சேர்த்து, அரகந்த நிலைக்கு உயர்த்தினார். ஆதலின் கழிவைச் சேர்ப்பவருக்கு நியாயமான கூலியும், கைக்கு உறையும், மதிப்புள்ள பெயரும் தாராத தொழில், எத்துணைப் பசுமையான விளம்பரம் செய்யினும் நற்றொழில் ஆகாது.

துக்கத்திற்குக் காரணம் அவா. ஒரு நொடிச் சௌகரியத்தின்மேல் நாம் கொண்ட அவாவே கடலை நிரப்பியது. ஆகவே வருகின்ற வைசாகப் பூர்ணிமையில் நம் சங்கத்தார் துணிப்பையோடு வருவாராக. அன்னதானம் தைத்த இலையில் நடப்பதாக. நீர் எவர்சில்வர் குவளையில் வழங்கப்படுவதாக. இலை தைப்போரும் துணிப்பை தைப்போரும் நம் ஊரிலேயே இருக்கின்றனர். அவர்களிடம் பேரம் பேசாது வாங்குவோமாக. பொருளைக் கையில் வாங்குமுன், பிறகு இதனை என்ன செய்வேன் என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வோமாக. காணிப்பாக்கத்தில் சபதம் செய்பவன் ஊர் திரும்பியபின்னும் அதனைக் காக்கக் கடமைப்பட்டவன். நாமும் அவ்வாறே.

நீரில் வாழ்வனவும் நிலத்தில் வாழ்வனவும் நலமுறுவனவாக!